ஒரு தடவை கேட்டான்

மகனுக்குத் தூக்கம் வரவில்லை என்பதற்காக அப்பனைக் கூப்பிட்டு விசாரிக்கிற ஊர் ஒன்று இருக்கிறது என்பது அறுபத்து மூன்று வயதில்தான் எனக்குத் தெரியவந்தது. என் மகன் முத்துக்குமார் நெதர்லாந்தில் இருக்கிறான். அங்கே ஒரு மெஷின் கம்பெனியில் டிசைன் வேலை. நான் ஓசூரில், தொரப்பள்ளி போகிற ரோட்டில் ஒரு லேஅவுட்டில் சொந்த வீட்டில் இருக்கிறேன். தனியாக இருக்கிறேன். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த அவன் அம்மா முத்துமணி போய் இரண்டு வருஷம் ஆகிறது.

அவள் இருந்தவரைக்கும் வீட்டில் போன் என்றால் அது அவளுடைய போன். ஞாயிற்றுக்கிழமை மகன் கூப்பிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். அவன் என்ன சமைத்தான், மருமகளுக்குச் சளி விட்டதா, எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவி நாயைக் கூட்டிக்கொண்டு எந்தப் பக்கம் நடக்கிறாள் என்பது வரைக்கும் விசாரிப்பாள். நான் டிவி சத்தத்தைக் குறைத்து, பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்பேன். கடைசியில் "இந்தாங்க, பேசுங்க" என்று போனை நீட்டுவாள். "சாப்பிட்டியாப்பா?" என்பேன். "சாப்பிட்டேம்ப்பா, நீங்க?" என்பான். "ம். இந்தா, அம்மாட்டக் குடுக்கேன்." நானும் என் மகனும் பேசிக்கொண்டது மொத்தமே இவ்வளவுதான். ஆனால் அவனைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது.

அவள் போன பிறகும் ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறான். "சாப்பிட்டியா" முடிந்ததும் போனைக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மூச்சு விட்டுக்கொண்டிருப்போம். "சரிப்பா, வச்சிரட்டா?" என்பான். நானும் சரி என்பேன். வைத்த பிறகுதான் கேட்க நினைத்ததெல்லாம் வரிசையாக ஞாபகம் வரும்.

ஐப்பசி மாசத்தில் ஒருநாள் மருமகள் தர்ஷினி கூப்பிட்டாள். பர்கூர் காலேஜில் அவனோடு படித்தவள், கிருஷ்ணகிரிப் பெண்.

"மாமா, பயப்படாதீங்க. அவருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. ஆனா மாசக்கணக்கா தூக்கமே இல்ல. என்கிட்டயும் பேசறதில்ல. டாக்டரு ஒரு கவுன்சிலர்கிட்ட அனுப்பியிருக்காரு. குடும்பத்தை உட்கார வெச்சுப் பேசுவாங்க. எங்க ரெண்டு பேரையும் பார்த்துட்டாங்க. இப்ப உங்களையும் வீடியோவுல பார்க்கணுமாம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கோபம் வருவதற்கு எனக்குப் பெரிய காரணம் தேவைப்படாது. சிப்காட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் மெயின்டனன்ஸில் இருந்தவன். மெஷின் நின்றால் முதலில் கத்திவிட்டு அப்புறம்தான் ஸ்பேனரை எடுப்பேன்.

"அவனுக்குத் தூக்கம் வரலன்னா என்னை எதுக்கும்மா விசாரிக்காங்க? நான் என்ன தாலாட்டா பாடணும்?"

"விசாரணை இல்ல மாமா. இங்க ஒருத்தருக்குச் சரியில்லன்னா அவங்கள மட்டும் பார்க்கறதில்ல. வீட்டு ஆளுங்க எல்லாரும் சேர்ந்து பேசினாத்தான் சரியாவும்னு சொல்றாங்க."

நல்ல விஷயம்தான். ஆனால் நான் பிறந்து வளர்ந்த சாத்தூர்ப் பக்கத்தில் குடும்பம் கூடிப் பேசுகிற இடத்துக்கு யாரும் தனியாகப் போக மாட்டார்கள். பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். நமக்கு என்ன வேண்டும் என்பதை நம் வாயாலேயே கேட்டால் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைகிற மாதிரி ஆகிவிடும். பெண் பார்க்கப் போன அன்று முத்துமணியின் அப்பா, "மாப்பிள்ளைக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். "பெரியவங்க பாத்துச் செஞ்சாச் சரி" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். உள்ளே நெஞ்சு அடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த சித்தப்பாதான், "அதெல்லாம் பிடிச்சிருக்கு. அவன் காதைப் பாருங்க, செவந்துபோய்க் கெடக்கு" என்றார். அவர் மட்டும் அன்றைக்கு வராமல் போயிருந்தால் நான் தரையைப் பார்த்தபடியே பஸ் ஏறியிருப்பேன்.

அதனால் நாராயணப்பனிடம் போய், வீடியோவில் என் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். நாராயணப்பன் இந்த மண்ணுக்காரர், என் வயதுதான். எங்கள் லேஅவுட் முழுக்க ஒரு காலத்தில் அவர்கள் குடும்ப நிலம். மிச்சமிருக்கிற நிலத்தில் பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூடாரம் போட்டு ரோஜா வளர்க்கிறார். வீட்டில் தெலுங்கு, பெங்களூர் பூ வியாபாரியிடம் கன்னடம், என்னிடம் தமிழ். கோபம் வந்தால் மூன்றும் கலந்து வரும்.

முத்துமணி போனதிலிருந்து பாதி நாள் அவர் மனைவி மாரம்மாவின் கைச் சோறுதான் எனக்கு. "சாப்பிட வாங்கண்ணா" என்று கூப்பிடுவாள். காலையிலிருந்து வெறும் டீயோடு இருந்தாலும், "இப்பத்தாம்மா சாப்பிட்டேன்" என்பேன். "சும்மா கொஞ்சம்" என்பாள். "வேணாம்மா" என்பேன். "அட, உக்காருங்க" என்று மூன்றாவது தடவை சொல்லும்போது தட்டு வந்திருக்கும். கேழ்வரகுக் களி எனக்கு இன்றைக்கும் இறங்காது. நாற்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், தொண்டையில் நின்றுகொள்ளும். ஆனாலும் அந்த மூன்றாவது தடவைக்காக உட்கார்ந்து தின்பேன்.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டைப் பெருக்கி, சட்டையைத் தேய்த்துப் போட்டு, மகன் வாங்கிக்கொடுத்த டேப்லெட்டைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்தேன். நாராயணப்பன் கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வெள்ளை வேட்டி, தோளில் துண்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் முத்துவும் தர்ஷினியும் ஒரு சோபாவில் தெரிந்தார்கள். எதிரே அந்தக் கவுன்சிலர் அம்மா. பெயர் மரீகே. ஐம்பதைத் தாண்டிய வயது, வெட்டிவிட்ட நரை முடி, கம்பளிச் சட்டை. மேஜை மேல் ஒரு டிஷ்யூ டப்பா இருந்தது. அதைப் பார்த்ததுமே இது அழவைக்கிற இடம் என்று புரிந்துகொண்டேன்.

"வணக்கம்" என்றார். இதற்கென்று கற்றுக்கொண்டிருப்பார் போல. சுத்தமாகவே சொன்னார். அப்புறம் இங்கிலீஷில், பக்கத்தில் இருப்பது யார் என்று கேட்டார். எனக்கு ஃபேக்டரி இங்கிலீஷ் தெரியும், ஆனால் இதற்கெல்லாம் அது போதாது. என் பக்கத்து ஆள், எனக்காகப் பேச வந்திருக்கிறார் என்று தர்ஷினியிடம் சொல்லச் சொன்னேன்.

"அப்பா, அவரை எதுக்குப்பா" என்று முத்து நெற்றியைத் தேய்த்தான்.

அந்த அம்மா கோபப்படவில்லை. உங்களுக்கு இப்படி ஒரு நண்பர் இருப்பது எனக்குச் சந்தோஷம், ஆனால் இந்த ஒரு மணி நேரம் குடும்பத்துக்கு மட்டும், இங்கே ஒவ்வொருவரும் தங்களுக்காகத் தாங்களே பேச வேண்டும் என்றார். தர்ஷினி அதைத் தமிழில் மெதுவாகச் சொன்னாள்.

"பரவால்லப்பா" என்று நாராயணப்பன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "நான் வெளிய உக்காந்துனு இருக்கறேன். ஏதாச்சும்னா குரல் குடு."

அவர் வாசலில் பிளாஸ்டிக் சேரைப் போட்டுக்கொண்டு ஷிப்ட் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மனுஷனை வரச்சொல்லிவிட்டு வெளியே அனுப்பிவிட்டார்களே என்று எனக்குப் பாதிக் கோபம் அங்கேயே வந்துவிட்டது.

உங்களுக்கு என்ன வேண்டும் என்று மரீகே கேட்டார்.

"எனக்கு என்ன. அவனுக்குத் தூக்கம் வந்தாப் போதும்."

அது அவருக்காக நீங்கள் விரும்புவது, உங்களுக்காக என்ன என்றார். "'எனக்கு'ன்னு ஆரம்பிச்சுச் சொல்லணுமாம் மாமா" என்றாள் தர்ஷினி. நான் பேசவில்லை. அந்த அம்மாவும் பேசவில்லை. சும்மா இருப்பதில் அவருக்கு நல்ல பழக்கம். நம் ஊரில் இவ்வளவு நேரம் ஒருவரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாராவது எழுந்து காபி போடப் போய்விடுவார்கள்.

அப்புறம், உங்கள் மனைவி போன பிறகு எது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டார். இதை இதுவரைக்கும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. எல்லாரும் எப்படிப் போனாள், எந்த ஆஸ்பத்திரி என்றுதான் கேட்டார்கள்.

"சண்டை போட ஆள் இல்ல" என்றேன். "டேங்க் நெறஞ்சு வழியுதுன்னு நான் கத்துவேன். நீங்க போய் மோட்டாரை நிப்பாட்டுனா என்னன்னு அவ கத்துவா. இப்ப வழிஞ்சா நானே போய் நிப்பாட்டிட்டு வந்து சும்மா உக்காந்திருக்கேன்."

தர்ஷினி அதை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் முத்து சிரித்தான். சிரித்துக்கொண்டிருந்தவன் அப்படியே குனிந்து அழ ஆரம்பித்துவிட்டான்.

அவன் அழுது நான் பார்த்து எவ்வளவோ காலம் ஆயிற்று. சின்ன வயசில் ஒரு தடவை பார்த்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். புது கிரைண்டிங் மெஷினைப் பொருத்த வந்திருந்த ஜெர்மன்காரர் ஒருவர், பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த சாக்லேட் கொடுத்தார். யார் எது கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும், அவர்கள் இன்னொரு தடவை கொடுக்கும்போதுதான் வாங்க வேண்டும் என்பது முத்துமணி அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அவனும் சமர்த்தாக "நோ தேங்க்யூ" என்று சொல்லிவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். ஜெர்மன்காரர் சாக்லேட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். டிவிஎஸ் ஃபிப்டியில் என் முன்னால் நின்றுகொண்டு வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தான். "அவரு திரும்பக் கேக்கவே இல்லப்பா, திரும்பக் கேக்கவே இல்ல" என்பதுதான் அழுகை. நான் கடையில் நிறுத்தி வேறொரு சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன். இது அது இல்லை என்று அதற்கும் அழுதான்.

இப்போது டிஷ்யூவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான், "அம்மா போனதுல இருந்து அப்பா அங்க தனியா இருக்காருன்னு நெனச்சாப் படுக்கவே முடியல."

மரீகே அதை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்து இங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்றார்.

நான் வெளியே வந்தபோது எனக்கே என்னைப் புரியவில்லை. மகன் என்னை நினைத்துத்தான் தூங்காமல் இருந்திருக்கிறான். அப்படியென்றால் அடுத்து என்ன, அங்கே வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிடத்தானே போகிறான். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். மகன் தூங்காமல் கஷ்டப்படுகிறான், அப்பனுக்குச் சந்தோஷம். என்ன ஜென்மமோ.

அந்த இரண்டு வாரமும் நான் செய்த வேலைகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கனமான ஸ்வெட்டர் ஒன்று வாங்கினேன். பாஸ்போர்ட்டை எடுத்துத் தேதி பார்த்தேன். முத்துமணியும் நானும் சேர்ந்து போவதாக எடுத்தது. அவளுடையதும் அதே கவரில் இருந்தது, அதை அப்படியே வைத்துவிட்டேன். அந்த ஊரில் என்ன சீதோஷ்ணம் என்று தினமும் போனில் பார்த்தேன். அங்கே மழை பெய்தால் இங்கே குடையைத் தேடினேன்.

நாராயணப்பனிடம் மட்டும் சொன்னேன். "அவன் கூப்பிட்டா நீதான் வீட்டைப் பாத்துக்கணும். செடிக்குத் தண்ணி விடணும்."

"கூப்ட்டா என்னா சொல்லுவ?"

"மொதல்ல வேணாம்னுதான் சொல்லுவேன். ஒடனே சரின்னா எப்படா கூப்பிடுவான்னு காத்துக்கிட்டு இருந்த மாதிரி இருக்கும்ல?"

"காத்துக்கினுதானே இருக்கற?"

"அதை அவன்கிட்டச் சொல்ல முடியுமாய்யா?"

"ரெண்டாவது தடவை கேட்டா?"

"பாப்போம்ப்பான்னு சொல்லுவேன்."

"மூணாவது தடவை?"

"பெட்டியைத் தூக்கிட்டுக் கெளம்பிருவேன்."

நாராயணப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார். "நான் பக்கத்துல இருந்தா ரெண்டாவது தடவையிலயே முடிச்சு உட்டுருவேன். அந்தம்மாதான் வெளிய துரத்திருச்சே."

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. நாராயணப்பனும் வந்தார். உள்ளே வராமல் நேராக வாசல் சேரில் உட்கார்ந்துகொண்டார். நான் டேப்லெட்டைச் சாய்த்து வைத்தேன். காது சூடாக இருந்தது.

மரீகே முத்துவைப் பார்த்து, இரண்டு வருஷமாக உங்களுக்குள் ஒரு கேள்வி இருக்கிறது, அதை அப்பாவிடமே நேராகக் கேட்கிறீர்களா என்றார். முத்து தண்ணீர் குடித்தான். கையைத் தொடை மேல் தேய்த்தான்.

"அப்பா. நீங்க இங்க வந்து எங்ககூடவே இருக்கீங்களா?"

கேட்டுவிட்டான். என் பிள்ளை கேட்டுவிட்டான்.

"எதுக்குப்பா" என்றேன். "எனக்கு இங்க என்ன கொறை? அந்தக் குளிரு எனக்கு ஒத்துக்காது. வீட்டைப் பூட்டிப் போட்டா வீணாப் போயிரும். செடி இருக்கு. நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருவீங்க, நான் அங்க யாருகூடப் பேச? நான் இங்கயே இருக்கேன்."

ஒவ்வொன்றும் தட்டினால் விழுகிற காரணம். குளிர் என்றால், ஸ்வெட்டர் வாங்கித் தர்றேம்ப்பா என்று சொல்ல வேண்டும். வீடு என்றால், நாராயணப்பன் மாமா பார்த்துக்க மாட்டாரா என்று சொல்ல வேண்டும். அவன் தட்டுவதற்காகத்தான் நான் அத்தனையையும் வரிசையாக அடுக்கி வைத்தேன். அடுக்கிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன்.

தர்ஷினி மொழிபெயர்த்தாள். மரீகே கேட்டுத் தலையசைத்தார். இவ்வளவு தெளிவாகச் சொன்னதற்கு உங்களுக்கு நன்றி என்றார் என்னிடம். பிறகு முத்துவைப் பார்த்து, கேட்கப் பயந்த கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள், அப்பா பதில் சொல்லிவிட்டார், இப்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்றார்.

முத்து கண்ணை மூடினான். ரொம்ப நேரம் மூடியிருந்தான். தோள் இரண்டும் மெல்லக் கீழே இறங்கின. அப்புறம் இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொன்னான். தர்ஷினி அதை மொழிபெயர்க்காமல் என்னையே பார்த்தாள். மரீகே அவளைப் பார்த்துக் காத்திருந்தார்.

"நிம்மதியா இருக்காம் மாமா" என்றாள்.

எனக்கு அந்த வார்த்தை முதலிலேயே புரிந்துவிட்டது. ரிலீவ்ட். ஷிப்ட் முடிந்து அடுத்த ஆள் வரும்போது நாங்கள் சொல்கிற வார்த்தை.

நான் அவனையே பார்த்தேன். முதல் தடவை வேண்டாம் என்றால் அது வேண்டாம் இல்லை என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அவர் ஊர் வழக்கம் அவருக்கு. ஆனால் இவனுக்குத் தெரியும். "திரும்பக் கேக்கவே இல்லப்பா" என்று அழுதவன் இவன். 'நிஜமாவாப்பா?' என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டுவிடக் கூடாதே என்று அவன் உதட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவமானமாக இருந்தது என்று சொல்வதுதான் சரி.

"நல்லதுப்பா" என்றேன்.

அழைப்பு முடிந்ததும் திரை கறுத்து, அதில் என் முகம்தான் தெரிந்தது. வெளியே வந்தேன். நாராயணப்பன் சேரை விட்டு எழுந்தார்.

"கேட்டானா?"

"கேட்டான்."

"நீ?"

"வேணாம்னேன்."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணுமில்ல."

"எத்தன தடவை கேட்டான்?"

"ஒரு தடவை கேட்டான்."

அவர் சேரைத் தூக்கிச் சுவரோரம் போட்டார். தெலுங்கில் என்னவோ திட்டினார். என்னைத் திட்டினாரா, என் மகனையா, அந்த அம்மாவையா என்று நான் கேட்கவில்லை. வீடு வரைக்கும் போய்விட்டு, திரும்பி வந்து, மாரம்மா கொடுத்தாள் என்று ஒரு தூக்கில், சாறு என்று அவர்கள் சொல்கிற குழம்பைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த இரண்டு மூன்று நாளும் நான் எல்லாரையும் திட்டினேன். பால்காரனைத் திட்டினேன், தெருநாயைத் திட்டினேன். மோட்டாரை நிறுத்தாமல் டேங்க்கை வழியவிட்டு, அதையும் திட்டினேன். பிறகு ஒருநாள் காலையில் டீ போடும்போது எனக்கே ஒரு யோசனை வந்தது. அந்த அம்மா சொன்னதில் என்ன தப்பு? பக்கத்து ஆள் இல்லாத ஊரில் அவரவர்தானே வாயைத் திறக்க வேண்டும்? "எனக்கு" என்று ஆரம்பித்துச் சொன்னால்தான் அவர்களுக்குப் புரியும் என்றால் சொல்லிவிட்டுப் போகிறேன். அந்த அம்மாவோடு இன்னும் ஒரு சனிக்கிழமை பாக்கி இருந்தது. அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். "எனக்கு அங்க வரணும்னு இருக்கு." முதல் தடவை குரலே வரவில்லை. "எனக்கு ஒங்ககூட இருக்கணும்னு இருக்குப்பா." கூச்சமாக இருந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பச் சொன்னேன். நாலைந்து நாளில் நன்றாகவே வந்தது. அறுபத்து மூன்று வயதில் ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முத்து கூப்பிட்டான்.

"சாப்பிட்டியாப்பா?"

"சாப்பிட்டேம்ப்பா. நேத்து நல்லாத் தூங்கிட்டேன். விடிஞ்சதே தெரியல. தர்ஷினி எழுப்பித்தான் எந்திரிச்சேன்."

அதோடு நிற்கவில்லை. பேசினான். சைக்கிளில் வேலைக்குப் போவதைச் சொன்னான். மழையில் சறுக்கி விழுந்ததைச் சொன்னான். அம்மா வைக்கிற கத்தரிக்காய்க் குழம்பு வைத்துப் பார்த்தேன், புளி ஜாஸ்தியாகிவிட்டது, அம்மா எப்போது புளி விடுவாள் என்று கேட்டான். காய் வெந்த பிறகு என்றேன். "அது எப்படிப்பா ஒங்களுக்குத் தெரியும்?" என்று சிரித்தான். "நான்தானப்பா பக்கத்துல நின்னு கொறை சொல்லிக்கிட்டு இருப்பேன்" என்றேன். அதற்கும் சிரித்தான். எதிர்வீட்டுக் கிழவியின் நாய் செத்துப்போன கதையைக்கூடச் சொன்னான். முத்துமணியிடம் பேசுகிற மாதிரி என்னிடம் பேசினான். இரண்டு வருஷமாக இதற்காகத்தான் ஏங்கிக் கிடந்தேன்.

எது கிடைக்க வேண்டும் என்று இருந்தேனோ அது கிடைத்துவிட்டது. நான் வேண்டாம் என்று சொன்னதால் கிடைத்தது. கற்று வைத்திருந்த வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. "சரிப்பா, ஒடம்பைப் பாத்துக்கோ" என்றேன்.

அடுத்த சனிக்கிழமைக்கு முன்னாலேயே தர்ஷினி தனியாகக் கூப்பிட்டாள். ஆபீசிலிருந்து வெளியே வந்து பேசுகிறாள் என்பது காற்றுச் சத்தத்தில் தெரிந்தது.

"மாமா, கவுன்சிலரு இனிமே அவசியம் இல்லன்னு சொல்லிட்டாங்க. அவரு நல்லா ஆயிட்டாரு. அதச் சொல்லத்தான்."

"சந்தோஷம்மா."

"இன்னொண்ணு மாமா." கொஞ்சம் தயங்கினாள். "எங்க வீட்டுல எங்கப்பா மூணு தடவை கேட்டாத்தான் காபியே குடிப்பாரு. அன்னிக்கு நீங்க வேணாம்னு சொன்னப்பவே எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. மொழிபெயர்க்கற எடத்துல இருந்தேன், நடுவுல பேச முடியல. அவருகிட்டயும் சொல்லல. இப்ப நான் கேக்கறேன் மாமா. இங்க வந்துடுங்க."

இரண்டாவது தடவை. வந்துவிட்டது. வர வேண்டிய வாயிலிருந்து வரவில்லை, ஆனாலும் வந்துவிட்டது. அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன், அடுப்பை அணைத்தேன்.

"அவன் நல்லாத் தூங்குறானாம்மா?"

"தூங்கறாரு மாமா. ரெண்டு வருஷத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கறாரு."

"நீ கேட்டது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீங்க சரின்னு சொன்னா நான் பேசிக்கறேன்."

அவன் தோள் கீழே இறங்கியது என் கண்ணுக்குள்ளேயே நின்றது. நான் "எனக்கு" என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரியே, தடுமாறாமல் சொன்னேன்.

"எனக்கு இங்க இருக்கணும்னுதாம்மா இருக்கு."

"நிஜமாவா மாமா?" என்றாள்.

அதுதான் மூன்றாவது தடவை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற தடவை.

"நிஜமாத்தாம்மா."

அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. "சரிங்க மாமா" என்று சொல்லி, சொன்ன பிறகும் போனை வைக்காமல் இருந்தாள். நான்தான் வைத்தேன்.

அந்த ஸ்வெட்டரைப் பீரோவிலிருந்து எடுத்தேன். ஓசூரிலும் அன்றைக்குக் குளிர்தான், சாயங்காலமே பனி இறங்கிவிட்டது. போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். வீட்டுக்குள் போகப் பிடிக்கவில்லை. பாலிஹவுஸைத் தாண்டி நாராயணப்பன் வீட்டுக்கு நடந்தேன். அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். ஸ்வெட்டரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாப்பிட வாங்கண்ணா" என்றாள் மாரம்மா.

"போடும்மா" என்றேன்.

மாரம்மா அடுத்ததைச் சொல்ல வாயெடுத்தவள், அப்படியே நின்றுவிட்டாள். புருஷனைப் பார்த்தாள். நாராயணப்பன் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். அவள் உள்ளே போய் இன்னொரு தட்டு கொண்டுவந்தாள். களியை வைத்தாள், சாறு ஊற்றினாள். அன்றைக்கு இன்னொரு தடவை கேட்கிறவரைக்கும் காத்திருக்க என்னால் முடியவில்லை.